வியர்வை குடிக்காத ஜெர்சி

பாறை மேல் பைக் ஓட்டுகிறவன் பாறையைப் பார்க்கக் கூடாதாம். பார்த்தால் வண்டி நேரே அதில்தான் போய் இடிக்குமாம். போக வேண்டிய இடத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்று மிர்ச்சா சொல்லிக்கொண்டே இருந்தார். நான் போக வேண்டிய இடம் திருப்பூர். அது அந்த மலையிலிருந்து கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் பாறையையே பார்த்தேன், பாறையிலேயே விழுந்தேன்.

பனியன் தைத்துப் பிழைக்கிறவனுக்கு ருமேனியாவில், மலைப்பாதையில், பைக் மேல் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஊரிலும் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். என் மனைவி மட்டும் கேட்கவில்லை. என்னை அனுப்பிவைத்தது அவளுடைய அண்ணன் என்பதால் அவளுக்குக் கேட்க வழியில்லை.

நானும் மச்சானும் வீரபாண்டிப் பக்கம் ஒரு சின்ன யூனிட் நடத்திவந்தோம். பெரிய எக்ஸ்போர்ட்காரர்கள் வெட்டிக் கொடுப்பதைத் தைத்துக் கொடுப்பதுதான் அதுவரை எங்கள் பிழைப்பு. எங்கள் சொந்தப் பெயரில் வந்த முதல் ஆர்டர் மிர்ச்சாவுடையது. அவர் கரடுமுரடான மலைப்பாதைகளில் பைக் ஓட்டக் கற்றுத்தருகிறவர், அதற்கான சாமான்கள் விற்கிற கடையும் வைத்திருந்தார். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு அன்றன்று போடக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைக்க முழுக்கை ஜெர்சி கேட்டார். பாலியஸ்டர் துணி, நெஞ்சில் கழுகுப் படம். தைத்து அனுப்பிவிட்டு நாங்கள் வாசலில் தேங்காய்கூட உடைத்தோம்.

அங்கே கோடை முடிகிற சமயம் மெயில் வந்தது. ஜெர்சி வியர்வையைக் குடிப்பதே இல்லை, ஏறும்போது தெப்பமாக நனைந்து உச்சிக்குப் போனதும் எல்லாரும் குளிரில் நடுங்குகிறார்கள் என்று எழுதியிருந்தது. மரியாதையான மெயில்தான். கடைசி வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது. இதைத் தைத்தவர் யாரோ, அவரே வந்து ஒரு நாள் இதைப் போட்டுக்கொண்டு என்னோடு மலை ஏறட்டும், அடுத்த ஆர்டரை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றது அந்த வரி.

மச்சானுக்கு முதுகுத்தண்டில் தேய்மானம். "நீங்கதானுங்க மாப்ள வண்டி நல்லா ஓட்டுவீங்க" என்றார். பல்லடம் ரோட்டில் தனியார் பஸ்களுக்கு நடுவே மொபெட் ஓட்டி உயிரோடு வீடு வந்து சேர்கிறவன் உலகத்தில் எங்கும் ஓட்டலாம் என்பது அவர் கணக்கு.

கிளம்புகிற அன்று வாசல்வரை வந்து சொன்னார். "துணியில ஒரு கோளாறும் இல்லீங்க. தொட்டுப் பாத்துத்தானுங்க அனுப்புனோம், வெண்ணையாட்ட இருந்துச்சு. அவிங்க ஊட்டுல தொவைக்கிறதுலதான் ஏதோ தப்பு நடக்குதுங்க. அதைக் கண்டுபுடிச்சுச் சொல்லிப்போட்டு வாங்க. அடுத்த ஆர்டர் நம்ம பேருலயே வரோணும். அது போச்சுன்னா மறுபடியும் அடுத்தவன் வெட்டுனதத் தெச்சுட்டுக் கெடக்க வேண்டியதுதானுங்க."

அப்படித்தான் ஒரு புரட்டாசி மாதத்தில், பையில் பருப்புப் பொடியும், பிரிக்காத பாலித்தீன் உறையில் இரண்டு சாம்பிள் ஜெர்சியுமாக, கார்பாத்திய மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கடைசிக் கட்டம் ஒரு பழைய பஸ். அது பாதி வழியில் நின்றுவிட்டது. பழுது என்று நினைத்து மற்றவர்களோடு நானும் இறங்கிப் பார்த்தேன். ரோட்டை அடைத்துக்கொண்டு செம்மறி ஆடுகள் போய்க்கொண்டிருந்தன. டிரைவர் ஹாரனைத் தொடவே இல்லை. ஸ்டியரிங் மேல் கையைப் போட்டுக்கொண்டு சூரியகாந்தி விதை கொறித்தார். எங்கள் ஊர் பஸ் டிரைவரை ஒரு நாள் அந்த சீட்டில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பக்கத்தில் நின்ற பெரியவர் தன் மனைவியிடம் ஏதோ சொல்ல, அந்த அம்மாள் என் காலைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தெரிந்தது, "மலைக்கு வருகிறவன் செருப்பு போட்டுக்கொண்டு வந்திருக்கிறான் பார்" என்றாராம். மொழிபெயர்த்துச் சொன்னது லிவியா. மிர்ச்சாவின் மனைவி. பஸ் நிற்கும் இடத்துக்கு அவர்தான் என்னை அழைத்துப் போக வந்திருந்தார், பஸ் நின்றதும் பெரியவர் அவரிடமும் அதையே சொல்லிவிட்டுப் போனார்.

லிவியா அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை. மெயில்கள் எல்லாம் அவர் எழுதியவைதான். "கடைசி வரி மட்டும் என் கணவர் சொன்னது. அதை மாற்றி எழுதிப் பார்த்தேன், ஒப்புக்கொள்ளவில்லை" என்றார். உயரமான, மெலிந்த பெண்மணி. கார் ஓட்டும்போதும் கையில் ரப்பர் உறை போட்டிருந்தார். அங்கே அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

வீட்டில் ஆட்டிறைச்சிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. புரட்டாசியில் நாங்கள் கவுச்சி தொடுவதில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று வழி நெடுகப் பயந்துகொண்டு வந்திருந்தேன். லிவியா பாதியிலேயே புரிந்துகொண்டார். அவர்களுக்கும் அப்படி நாட்கள் உண்டாம், இறைச்சி, பால், முட்டை எதுவுமே தொட மாட்டார்களாம். "உங்களுக்குப் பால் ஆகுமா?" என்றார். ஆகும் என்றேன். "அப்படியானால் உங்கள் சாமி கொஞ்சம் இளகிய மனசுக்காரர்" என்றார். மிர்ச்சாவுக்கு மட்டும் கடைசிவரை புரியவில்லை. இவ்வளவு தூரம் வந்தவன் ஆட்டைத் தொடாமல் களி தின்கிறானே என்று என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

களி என்றால் நிஜமாகவே களிதான். மக்காச்சோள மாவில் கிண்டி, பலகையில் கொட்டி, நூலால் அறுத்துத் தருகிறார்கள். மேலே ஆட்டுப்பால் பாலாடைக் கட்டியும் புளித்த பாலேடும். பருப்புப் பொடியை அதன் மேல் தூவிக்கொண்டேன். அரிசிம்பருப்பு சோற்றுக்கு ஏங்கிக்கொண்டிருந்த வயிறு, சரி, இதுவும் ஒரு வகை என்று அடங்கியது.

திருப்பூர்க்காரனை வெளியூரில் கண்டுபிடிப்பது சுலபம். துணி எதைப் பார்த்தாலும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பான். கல்யாண வீட்டில் கை குடுக்கிற சாக்கில் சட்டைக் கையைத் தேய்த்துப் பார்க்கிறவர்கள் நாங்கள். நான் சாப்பிட்டுக்கொண்டே ஜன்னல் திரையைத் தேய்ப்பதை மிர்ச்சா கவனித்துவிட்டார். சிரித்தார். அவர் சிரித்ததை நான் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை. பருத்த ஆள், கழுத்தே இல்லை. இத்தாலியில் பல வருஷம் லாரி ஓட்டியவர். ஆங்கிலம் சொல் சொல்லாக வரும், நடுவில் வாக்கியம் இருக்காது. நீளமாகப் பேசுவதென்றால் லிவியா இடையில் வேண்டும்.

கை கழுவப் போனபோது குளியலறைத் தட்டில் அதைப் பார்த்தேன். நீலப் பாட்டில், மேலே ஊதாப் பூப்படம். துவைத்த பிறகு துணி மெதுவாக இருக்க ஊற்றுகிற சாஃப்ட்னர். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று நினைத்தேன். இந்த மாதிரித் துணியில் அதை ஊற்றினால் நூல் மேல் பிசுக்குப் படிந்து தண்ணீரை உள்ளே விடாது. மச்சான் திருப்பூரில் உட்கார்ந்தபடி சொன்னது அப்படியே நிஜம்.

நான் வாயைத் திறப்பதற்குள் மிர்ச்சாவே திறந்தார். சாப்பாட்டு மேஜையில் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, லிவியாவை மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"பெட்டியிலிருந்து எடுத்தபோது உங்கள் ஜெர்சி பட்டு மாதிரி இருந்தது. நான் தொட்டுப் பார்த்தேனே. எனக்குத் துணி தெரியும். இவள் துவைத்துக் கெடுத்துவிட்டாள். இவள் அதை ஒப்புக்கொள்ளாததால்தான் தைத்தவரையே வரச் சொன்னேன்." தன்னைப் பற்றியே அவர் சொல்வதை லிவியா ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். "சாஃப்ட்னர் ஊற்றுவதை முதல் வாரத்திலேயே நிறுத்திவிட்டேன். கையால்தான் துவைக்கிறேன். அவர் நம்பவில்லை."

மிர்ச்சா என்னைப் பார்த்தார். "நீங்கள் சொல்லுங்கள் இவளுக்கு."

நாளைக்கு மலை ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று தப்பித்தேன். உடம்பு அசதி என்பதும் நிஜம்தான்.

மறுநாள் விடிந்ததும் கொல்லையில் எனக்கொரு பைக் காத்திருந்தது. பைக் என்பதைவிட ஒட்டகம் என்று சொல்லலாம். உட்கார்ந்தால் இரண்டு கால்நுனியும் ஒருசேரத் தரையைத் தொடவில்லை. முழங்காலுக்கு, முழங்கைக்கு, மார்புக்கு என்று பிளாஸ்டிக் தகடுகளை மாட்டிவிட்டார் மிர்ச்சா. அய்யனார் கோயில் சிலை மாதிரி நின்றேன். கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஜெர்சிகளில் ஒன்றை எடுத்து உள்ளே போட்டுக்கொண்டேன். எங்கள் யூனிட்டில் தைத்த கழுகு என் நெஞ்சில் சிறகை விரித்துக்கொண்டு உட்கார்ந்தது. பையில் சாம்பிள் ஒன்றும் வைத்துக்கொண்டேன். துவைத்ததையும் துவைக்காததையும் மலை மேலேயே மாற்றிப் போட்டுக் காட்டினால் பேச்சு முடிந்தது என்பது என் திட்டம்.

பாதை என்று அவர்கள் சொல்வது ஒரு காய்ந்த ஓடை. குடம் அளவுக் கற்கள், தலையணை அளவுக் கற்கள், நடுவில் பாசி. உட்கார்ந்து ஓட்டக் கூடாது, ஃபுட்ரெஸ்ட் மேல் நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். கால் இரண்டும் நடுங்க, கிளட்சைப் பிடித்த விரல்கள் மரத்துப்போக, நான் நின்றேன், உட்கார்ந்தேன், விழுந்தேன். விழுந்தால் அந்த ஒட்டகத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும். முதல் சில தடவை மிர்ச்சா இறங்கி வந்து உதவினார். அப்புறம் மேலே நின்றபடியே "மேலே பார், கல்லைப் பார்க்காதே" என்று கத்துவதோடு நிறுத்திக்கொண்டார்.

ஓடை முடிந்ததும் மரங்களின் வேர்கள் படிக்கட்டு மாதிரி குறுக்கே கிடந்தன. வேர்கள் முடிந்ததும் சரளைக் கல். சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை, கல் மட்டும் பின்னால் பறக்கிறது. ஓர் இடத்தில் ஆட்டு மந்தைக் காவல் நாய்கள் வந்து சூழ்ந்துகொண்டன. கன்றுக்குட்டி உயரம் ஒவ்வொன்றும். எஞ்சினை அணைத்துவிட்டு அசையாமல் நில் என்றார் மிர்ச்சா. அன்று காலை முழுவதும் எனக்குக் கிடைத்த ஓய்வு அந்த நாய்கள் கொடுத்ததுதான்.

வியர்வையைச் சொல்ல வேண்டும். திருப்பூரில் வெயிலில் நின்று லோடு ஏற்றியிருக்கிறேன், அயர்ன் டேபிள்களுக்கு நடுவே நாள் முழுக்க நடந்திருக்கிறேன். அந்த வியர்வையைப் பனியன் குடித்துவிடும். உடம்போடு ஒட்டும், கனக்கும், அவ்வளவுதான். இங்கே ஜெர்சி எதையும் குடிக்கவில்லை. முதுகில் கிளம்பிய வியர்வை முதுகு வழியாகவே ஓடி, இடுப்பில் தேங்கி, கால்சட்டைக்குள் இறங்கியது. உச்சிக்குக் கீழே புல்வெளிக்கு வந்தபோது காற்று அடித்தது. அத்தனை ஈரமும் ஒரே நொடியில் ஐஸ் ஆனது. பல் கிட்டித்துக்கொண்டது. மெயிலில் படித்தபோது நடுக்கம் என்பது ஒரு சொல்லாகத்தான் இருந்தது.

ஆட்டுக்காரர் ஒருவருடைய குடிசைக்குள் போய், பையிலிருந்த சாம்பிளைப் பிரித்துப் போட்டுக்கொண்டேன். வழுவழுவென்று இருந்தது. தேய்த்துப் பார்த்துத் தெம்படைந்தேன். அங்கிருந்து உச்சி இன்னும் ஓர் ஏற்றம். அந்த ஏற்றத்தில் பைக்கைப் பாதி ஓட்டினேன், மீதி தள்ளினேன். மேலே போய் நின்றபோது புது ஜெர்சிக்குள்ளும் வியர்வை அதே மாதிரி ஓடி, அதே இடுப்பில் தேங்கியிருந்தது. அதே நடுக்கம்.

குடிசைக்குத் திரும்பி வந்து தகடுகளைக் கழற்றினோம். கை கழுவிக்கொள்ள ஆட்டுக்காரர் செம்பில் தண்ணீர் ஊற்றினார். என் கை நடுங்கியதில் பாதித் தண்ணீர் நெஞ்சில் கொட்டியது. கழுகின் மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது, சேப்பங்கிழங்கு இலையில் நிற்பது போல. நான் மூச்சு விட்டதும் உருண்டு கீழே விழுந்தது. துணி நனையவே இல்லை. லிவியாவின் கை படாத, பாட்டில் படாத, அன்று காலைவரை உறைக்குள் இருந்த துணி.

அப்போதுதான் புரிந்தது. சாயப்பட்டறையிலிருந்து முதலில் வந்த துணி சற்று மொரமொரப்பாக இருந்தது. பாலியஸ்டர் அப்படித்தான் இருக்கும். மச்சான் விரலில் தேய்த்துப் பார்த்து முகம் சுளித்தார். "இதக் கையில குடுத்தா நம்மள என்னன்னு நெனைப்பாங்க?" என்று திருப்பி அனுப்பி, துணியை வழுவழுப்பாக்குகிற சிலிகான் ஃபினிஷிங் குடுக்கச் சொன்னார். அப்புறமும் மனசு ஆறாமல் இன்னொரு தடவை குடுக்கச் சொன்னார். இரண்டாவது தடவை வந்ததை நானும் தேய்த்துப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்றேன். காலமெல்லாம் பருத்தி பார்த்த கை. பருத்தியில் இதெல்லாம் பெரிதாகத் தெரியாது. தொட்டால் வெண்ணெய் மாதிரி இருக்க வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு பரீட்சை தெரியாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மிர்ச்சா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார். "என்ன? துவைக்கிறதுதானே?"

அவர் எதுவும் பார்த்திருக்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு பாலாடைக் கட்டி வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு முழங்கால் எரிந்தது, மணிக்கட்டு வீங்கியிருந்தது, இறங்க வேண்டிய பாதை முழுவதும் இன்னும் பாக்கி இருந்தது. நான் பொய் சொல்லக்கூட வேண்டியதில்லை. வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு, "அப்படியும் இருக்கலாம்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. என் தோளைத் தட்டினார். அடுத்த கோடைக்கு இரண்டு பங்கு வேண்டும் என்றார், இரண்டு விரலைக் காட்டி. பிறகு ஆட்டுக்காரரிடம் திரும்பி ஏதோ சொல்ல, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். "சொன்னேன் இவனிடம். இந்தியாவிலிருந்து ஆள் வந்தது, என் மனைவிக்குத் துவைக்கத் தெரியாது என்று சொல்ல" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போதே எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுந்து நிற்கக் கால் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இறங்குவது ஏறுவதைவிட மோசம். பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கும், பிடிக்காவிட்டால் நாம் போய்ச் சேர்வது வேறு இடம். ஓடையருகே வண்டி என் மேலேயே சாய்ந்தது. கொஞ்ச நேரம் அப்படியே அதன் அடியில் கிடந்தேன். பக்கத்தில் ஒரு நீரூற்றின் தண்ணீர் கல்லுக்கு மேல் வழிந்தது. அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. சாயப்பட்டறைத் தண்ணீர் கலக்கிற எங்கள் நொய்யலாற்றில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே அந்த வாரம் துணி வாங்குகிற பையர் என்ன கலர் கேட்டிருக்கிறான் என்று சொல்லிவிடலாம். மிர்ச்சா வந்து வண்டியைத் தூக்கும்வரை அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு வந்ததும் அவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலிருந்தே மனைவியிடம் சத்தமாகச் சொன்னார். எந்த மொழி தெரியாதவனுக்கும் அது புரிந்திருக்கும். லிவியா எனக்குக் களியும் பாலேடும் வைத்தார். என் முழங்காலைப் பார்த்துவிட்டு மருந்தும் பஞ்சும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

அவர்கள் வீட்டு ஃபோனிலிருந்து மச்சானைக் கூப்பிட்டேன். தறி ஓடும் சத்தம் மாதிரி இரைச்சலுக்கு நடுவே அவர் குரல்.

"என்னாச்சுங்க மாப்ள?"

"அவரே தொவைக்கிறதுலதான் தப்புன்னு நினைக்கிறாருங்க மச்சான். அடுத்த வருஷம் ரெண்டு பங்கு கேக்கறாரு. ஆனா துணியில நம்ம பக்கம்..."

"அப்பறமென்னங்க, சோலி முடிஞ்சுது. நீங்க ஒண்ணும் பேசிக்காம வந்துருங்க. ஏனுங்க, அங்கெல்லாம் குளிருங்களா?"

குளிருதுங்க என்றேன். வைத்துவிட்டார்.

மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழுவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. மதியத்துக்கு மேல் பஸ். வெயிலுக்காகக் கொல்லைப் பக்கம் நொண்டிக்கொண்டு போனேன். லிவியா ஒரு தகரத் தொட்டி முன்னால் குந்தியிருந்தார். தொட்டி நிறைய எங்கள் ஜெர்சிகள். சோடா போட்டு ஊறவைத்து, ஒவ்வொன்றாகக் கசக்கிக்கொண்டிருந்தார். முதல் தடவையாக அவர் கையில் உறை இல்லை. விரல் முட்டிகளில் தோல் வெடித்துச் சிவந்திருந்தது. சாயப்பட்டறைகளில் அந்த மாதிரிக் கைகளை நிறையப் பார்த்தவன் நான். அந்தக் கை ஓரிரு வாரத்தில் வருவதில்லை, கோடை முழுவதும் துவைத்த கை அது.

என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "நீங்கள் துணி தெரிந்தவர். நான் எந்த இடத்தில் தப்பு செய்கிறேன் என்று காட்டுங்கள். நீங்கள் சொல்கிற மாதிரியே செய்கிறேன்."

அவர் குரலில் கோபமில்லை. அவ்வளவு படித்த பெண்மணி, தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற குரலில்தான் கேட்டார். நான் பாராதது போல இருக்க முடியவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் ஒருவேளை பஸ் ஏறியிருப்பேன்.

மிர்ச்சா பத்தடி தள்ளி உட்கார்ந்து பைக் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய் மிச்சமிருந்த சாம்பிளை எடுத்துவந்தேன். அவரையும் கொல்லையில் கிடந்த மேஜைக்குக் கூப்பிட்டேன். இரண்டு பேர் முன்னாலும் பாலித்தீன் உறையைக் கிழித்து, ஜெர்சியை விரித்து, குவளையிலிருந்து தண்ணீரை மெல்ல ஊற்றினேன். முத்து முத்தாக நின்றது. துணியின் ஓரத்தைத் தூக்கினேன். எல்லாம் உருண்டு அவர்கள் வீட்டுக் கோழி மேல் விழுந்தது.

"இது ஒரு தடவைகூடத் துவைக்காதது. தப்பு எங்களுடையது. தொட்டால் வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்று நாங்களே ஒன்றைப் போட்டோம், அது தண்ணீரை உள்ளே விடாது. எப்படித் துவைத்தாலும் சீக்கிரத்தில் போகாது. நேற்று மலை மேலேயே எனக்குத் தெரியும்" என்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான், அது போதுமானதாக இருந்தது.

மிர்ச்சா ஜெர்சியைக் கையில் எடுத்துப் பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார். லிவியா குவளையை வாங்கி, அவர் கையில் இருந்த துணி மேலேயே ஊற்றினார். உருண்டு விழுந்தது. மறுபடி ஊற்றினார். குவளை காலியாகும்வரை ஊற்றினார். பிறகு அதை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அந்த ஃபினிஷிங் இல்லாமல் எங்கள் செலவில் மொத்தமும் புதிதாகத் தைத்து அனுப்புகிறோம் என்றேன். "பார்க்கலாம்" என்றார் மிர்ச்சா. எங்கள் ஊரில் பையர் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தமோ அதே அர்த்தம்தான் அங்கேயும் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. தன் வேன் பழுது, லிவியா காரில் கொண்டுபோய் விடுவாள் என்று சொல்லிவிட்டு செயினுக்குத் திரும்பினார். வழியனுப்ப எழுந்து வரவில்லை.

கார் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் என் முழங்கால் முனகியது. மச்சானிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். நம்ம பேரில் வந்த ஒரே ஆர்டர். யூனிட் வாசலில் மாட்டப் பெயர் போர்டுகூட எழுதக் கொடுத்திருந்தார்.

"அவர் இனி உங்களிடம் வாங்க மாட்டார்" என்றார் லிவியா, ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"சரியாகச் செய்து அனுப்பினால்கூடவா? துணியில் நடந்த தப்புதானே?"

"துணிக்காக இல்லை. துணியை அவர் மன்னித்துவிடுவார், அவருக்கு உங்களைப் பிடித்திருந்தது. என் முன்னால் வைத்துக் காட்டினீர்களே, அதற்காக."

எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வீரபாண்டியிலும் அவிநாசியிலும் எனக்குத் தெரிந்த அத்தனை முதலாளிகளும் அப்படித்தான். நானும் அப்படித்தான். பஸ் நிற்கும் இடம் வந்தது, தூரத்தில் பஸ்ஸும் வந்துகொண்டிருந்தது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மனசு கேட்காமல், திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டுமோ?"

லிவியா உறையில்லாத கைகளை ஸ்டியரிங் மேல் வைத்து, ஒரு நிமிஷம் அவற்றையே பார்த்தார்.

"தனியாகச் சொல்லியிருந்தால், எனக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது" என்றார்.